அரண்டவன் கண்ணுக்கு...

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று நம் பாட்டிமார் சொல்லி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நாலே வார்த்தைதான். ஆனால் மனோதத்துவ நிபுணர்கள் நாலு பாகமாக எழுதுகிற விஷயம் அதற்குள் அடங்கிவிடுகிறது. இருட்டில் பேய் இருக்கிறது என்று பாட்டி சொல்லவில்லை, கவனித்தீர்களா? இல்லை என்றும் சொல்லவில்லை. முதலில் மனம் அரள வேண்டும். அப்புறம்தான் இருட்டுக்குக் கைகால் முளைக்கும் என்கிறாள்.

இந்தப் பழமொழியைக் கேள்விப்பட்டிராத சிலர், இதையே ஒரு வீடியோ விளையாட்டாகச் செய்திருக்கிறார்கள். நியூசிலாந்து நாட்டின் கிறைஸ்ட்சர்ச் நகரத்தில் பிளாக் சால்ட் கேம்ஸ் என்று ஒரு சிறு குழு. அவர்கள் 2023-ஆம் ஆண்டு மார்ச் 30-ஆம் தேதி வெளியிட்ட விளையாட்டின் பெயர் 'டிரெட்ஜ்'. நம் பாஷையில் சொன்னால், நீருக்கு அடியில் கிடப்பதை வாரி எடுப்பது.

உங்கள் வீட்டுப் பிள்ளையோ பெண்ணோ இதை ஆடிக்கொண்டிருக்கலாம். அல்லது பிள்ளைகள் தூங்கிய பிறகு நீங்களே ஆடலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த விளையாட்டில் படகோட்டியின் சித்தம் கலங்காமல் காப்பாற்றுவது எப்படி என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். கூடவே கொடைக்கானலுக்கும் ஒரு நடை போய் வருவோம். கடல் விளையாட்டுக்கும் பழனி மலைக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? மூடுபனிதான் சம்பந்தம்!

மேலே ஒரு கண்

கதை இதுதான். நீங்கள் ஒரு மீனவர். படகு உடைந்து, 'கிரேட்டர் மாரோ' என்ற சின்னத் தீவு ஊரில் கண் விழிக்கிறீர்கள். ஊர்த் தலைவர் கடனாக ஒரு படகு தருகிறார். மீன் பிடித்து விற்று அந்தக் கடனை அடைக்க வேண்டும். பகலில் எல்லாம் சுகமாகத்தான் இருக்கிறது. அமைதியான நீர், கலகலப்பான துறைமுகம், பெட்டி நிறைய மீன். படகின் அறையில் கட்டம் கட்டமாக இடம் இருக்கிறது. நீட்டு மீன், வளைந்த மீன் எல்லாவற்றையும் திருப்பித் திருப்பி அடுக்க வேண்டும். தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது ஒரே பெட்டியில் ஆறு பேர் துணியை அடுக்குகிற தாய்மார்களுக்கு இது கைவந்த கலை.

பொழுது சாய்ந்ததும் கதை மாறுகிறது. நீரின் மேல் மூடுபனி இறங்குகிறது. திரையின் மேற்புறத்தில் ஒரு கண் திறக்கிறது. அதுதான் உங்கள் படகோட்டியின் மனம். இருட்டில் நேரம் போகப் போக அந்தக் கண் பதறுகிறது, அங்குமிங்கும் அலைகிறது, சிவக்கிறது. பிறகு, பகலில் இல்லாத பாறை திடீரென்று எதிரே முளைக்கிறது. சிவந்த கண்ணுள்ள காக்கைகள் வந்து பிடித்த மீனைக் கொத்திக்கொண்டு போகின்றன. தூரத்தில் படகு விளக்கு போல ஒன்று மினுங்குகிறது. பக்கத்தில் போனால் அது படகு அல்ல!

இதில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். அந்தப் பாறை பயத்தில் முளைத்ததுதான். ஆனால் மோதினால் படகு உண்மையாகவே உடைகிறது. உடைந்த கட்டத்தில் இருந்த மீன் போயே போய்விடுகிறது. "வெறும் பிரமைதானே" என்று அலட்சியமாக இருக்க முடியாது. பேய் பொய்யாக இருக்கலாம். பேய்க்குப் பயந்து ஓடி விழுந்து ஒடித்துக்கொண்ட கால் பொய்யில்லையே!

விளையாட்டில் இப்படி மனத்துக்கு ஒரு கணக்கு வைக்கிற வழக்கம் புதிதல்ல. லவ்கிராஃப்ட் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1928-ல் வெளியிட்ட ஒரு பயங்கரக் கதையின் பெயரைக் கொண்டு, 1981-ல் சாண்டி பீட்டர்சன் என்பவர் மேஜை மேல் உட்கார்ந்து ஆடும் விளையாட்டு ஒன்றை அமைத்தார். அதில் உடல் பலத்துக்கு எண் இருப்பது போல, மனத் தெளிவுக்கும் ஓர் எண் உண்டு. பார்க்கக் கூடாததைப் பார்த்தால் எண் குறையும். அந்தக் கணக்குதான் பல கைகள் மாறி, இந்த மீன்பிடி படகில் கண்ணாகத் திறந்திருக்கிறது.

கோக்கர் நடைபாதையில் ஒரு பூதம்

இனி மலைக்கு வாருங்கள். கொடைக்கானலில் 1872-ஆம் ஆண்டு லெப்டினன்ட் கோக்கர் என்பவர் மலையின் விளிம்பை ஒட்டி ஒரு நடைபாதை அமைத்தார். 'கோக்கர்ஸ் வாக்' என்று இன்றும் அதற்குப் பெயர். சுமார் ஒரு கிலோமீட்டர் நீளம். ஒரு பக்கம் மலை, மறு பக்கம் பாதாளம். வானம் தெளிந்திருந்தால் கீழே சமவெளி விரித்த பாய் போலக் கிடக்கும். மூடுபனி ஏறிவிட்டாலோ, கம்பி வேலிக்கு அப்பால் உலகமே இல்லை.

இங்கே அபூர்வமாக ஒரு காட்சி தெரிவதுண்டு. உங்கள் முதுகுக்குப் பின்னால் சூரியன் தாழ்வாக நிற்க வேண்டும்; எதிரே பள்ளத்தில் பனி திரண்டிருக்க வேண்டும். அப்போது அந்தப் பனியின் மேல் பிரம்மாண்டமான ஒரு கரிய உருவம் நிற்கும். தலையைச் சுற்றி வானவில் நிறத்தில் ஒளிவட்டம்! நீங்கள் கையை அசைத்தால் அதுவும் அசைக்கும். தனியாக நிற்பவருக்கு, குலை நடுங்கித்தான் போகும்.

அது வேறு யாருமில்லை, நீங்களேதான். உங்கள் நிழல் பனித்திரையில் விழுந்து, தூரம் தெரியாத காரணத்தால் பூதாகாரமாகத் தோன்றுகிறது. பனித்துளிகள் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்புவதால் அந்த வண்ண வளையம். வேடிக்கை என்னவென்றால், பத்துப் பேர் வரிசையாக நின்றாலும் அவரவர் தலையைச் சுற்றித்தான் அவரவருக்கு ஒளிவட்டம் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் தலையில் தெரியாது. ஜெர்மனியில் ப்ரோக்கன் என்று ஒரு மலை. அங்கே 1780-ல் சில்பர்ஷ்லாக் என்பவர் இதை விவரித்து எழுதியதால், 'ப்ரோக்கன் பூதம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அந்தப் பூதத்தைப் பார்த்து ஓடாமல் நின்ற ஒருவரின் கதையையும் சொல்ல வேண்டும். 1894-ல் சி. டி. ஆர். வில்சன் என்ற இளைஞர், ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலை உச்சியில் இதே ஒளிவட்டங்களைக் கண்டார். பயப்படவில்லை, "இதை என் அறையிலேயே உண்டாக்க முடியாதா?" என்று யோசித்தார். கண்ணாடிப் பாத்திரத்துக்குள் மேகத்தை உண்டாக்கும் ஒரு கருவியைச் செய்தார். அந்த மேகத்தில் கண்ணுக்குத் தெரியாத அணுத் துகள்கள் போன தடம் கோடு கோடாகத் தெரிந்தது! 1927-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒரே பனிமூட்டம்தான். அரண்டவனுக்குப் பேய், நின்று பார்த்தவனுக்கு நோபல் பரிசு.

பனியில் நேர்கோடு கிடையாது

மூடுபனி கண்ணை மட்டும் ஏமாற்றுவதில்லை, காலையும் ஏமாற்றுகிறது. ஜெர்மனியில் மாக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த யான் சௌமன் குழுவினர் 2009-ல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். சிலரைக் காட்டிலும் பாலைவனத்திலும் விட்டு, "நேராக நடந்து போங்கள்" என்றார்கள். சூரியனோ சந்திரனோ தெரிந்தவரை ஓரளவு நேராகவே போனார்கள். மேகம் மூடியதும், தாம் நேராகப் போவதாகவே எண்ணிக்கொண்டு வட்டமடித்தார்கள். நடந்த தடத்தையே மறுபடி குறுக்காகத் தாண்டியும் அவர்களுக்குத் தெரியவில்லை!

சோலைக் காட்டு விளிம்பில் பனி சூழ்ந்து வழி தவறியவர்கள் "ஏதோ என்னைச் சுற்றிச் சுற்றி இழுத்தது" என்று சொன்னால், அவர்கள் பொய் சொல்லவில்லை என்று இப்போது புரிகிறதல்லவா? இழுத்தது மோகினி அல்ல. அடையாளம் ஒன்றும் கண்ணில் படாத மூளை, ஒவ்வோர் அடியிலும் செய்த சிறு பிழை சேர்ந்து வட்டமாகிவிட்டது.

ஆகவே விளையாட்டிலும் மலையிலும் முதல் பாடம் ஒன்றே. கண்ணுக்கு ஓர் அடையாளம் வேண்டும். கிரேட்டர் மாரோவில் ஒரு கலங்கரை விளக்கம் இருக்கிறது. பயம் ஏறிய பிறகு குறுக்குவழி தேடாதீர்கள். கலங்கரை விளக்கைப் பார்த்தே படகைச் செலுத்துங்கள். அது இல்லாத இடத்தில் தெரிந்த கரையைப் பிடித்துக்கொண்டு போங்கள்.

சித்தம் கலங்காமல் இருக்க...

விளையாட்டில் கடைப்பிடிக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

தூக்கம்தான் முதல் மருந்து. துறையில் படகைக் கட்டிவிட்டுப் படுத்தால், பொழுது விடியும்போது அந்தக் கண் மூடியிருக்கும். ஆரம்ப நாட்களில் இருட்டுவதற்குள் துறைக்குத் திரும்பிவிடுவதே புத்திசாலித்தனம். ஊராரும் அதைத்தான் எச்சரிக்கிறார்கள். ஊரார் பேச்சைக் கேட்காத கதாநாயகன் என்ன ஆவான் என்பது, தொடர்கதை படிக்கிற உங்களுக்குத் தெரியாததா?

இரண்டாவது, விளக்கு. கையில் காசு சேர்ந்ததும் பலரும் பெரிய தூண்டில் வாங்க ஓடுகிறார்கள். நல்ல விளக்கு வாங்குங்கள். வெளிச்சம் இருந்தால் பயம் மெதுவாகத்தான் ஏறும். அடுத்தபடி நல்ல இயந்திரம். வேகமாகத் திரும்ப முடிந்தால் இருட்டில் இருக்கும் நேரம் குறையும்.

மூன்றாவது, பரபரக்காதீர்கள். இந்த விளையாட்டில் ஓர் அழகான ஏற்பாடு உண்டு. படகு நகரும்போதும், மீன் பிடிக்கும்போதும், அடியில் கிடப்பதை வாரும்போதும்தான் கடிகாரம் ஓடும். சும்மா நின்றால் நேரமும் நிற்கும்! ஆகவே நின்று, படத்தைப் பார்த்து, "இங்கிருந்து துறைக்கு எவ்வளவு நேரம்? இன்னும் ஒரு வலை போடலாமா?" என்று கணக்குப் பாருங்கள். யோசனைக்கு வாடகை இல்லை.

நாலாவது, ஆசை. இதுதான் உண்மையான பூதம். சில மீன்கள் இரவில் மட்டுமே கிடைக்கும். உருக்குலைந்து, பார்க்கவே அருவருப்பான சில விகார மீன்களுக்குச் சந்தையில் நல்ல விலை. "இன்னும் ஒன்றே ஒன்று" என்று மனம் கெஞ்சும். அறையில் இடம் நிரம்பிய பிறகும் கண் தண்ணீரிலேயே இருக்கும். அந்த ஒன்றே ஒன்றுக்காகப் பாறையில் மோதி, முன்பு பிடித்த ஐந்தையும் இழந்தவர்கள்தான் அநேகம். இரவுக்குப் போவதானால் இன்ன மீன், இத்தனை, இத்தனை மணிக்குள் என்று துறையிலேயே தீர்மானம் செய்துகொண்டு போங்கள். தீர்மானத்தைப் பகலில் செய்ய வேண்டும். பயம் ஏறிய பிறகு செய்யும் தீர்மானம் தீர்மானமே அல்ல.

பயங்கரம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் வழி இருக்கிறது. பூதங்கள் தாக்காதபடி ஆடும் ஒரு முறையைப் பிற்பாடு சேர்த்திருக்கிறார்கள். அதைத் தேர்ந்தெடுப்பதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை.

மலையில் அந்தக் கண் இல்லை

விளையாட்டுக்கும் நிஜத்துக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் வருகிறது. விளையாட்டில் பயம் ஏறுவதைக் காட்ட ஒரு கண் இருக்கிறது. மலையில் உங்கள் தலைக்கு மேல் எந்தக் கண்ணும் திறப்பதில்லை. நின்றால் கடிகாரமும் நிற்பதில்லை.

தூண் பாறைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சுமார் 400 அடி உயரத்துக்கு நெடுநெடுவென்று நிற்கும் மூன்று பாறைகள். பனி அவற்றை நொடியில் மறைக்கும், நொடியில் காட்டும். அந்தப் பாறைகளின் நடுவே வௌவால்கள் அடையும் ஆழமான பிளவுகள் உண்டு. வெள்ளைக்காரர்கள் அதற்கு 'பேயின் சமையலறை' என்று பெயர் வைத்தார்கள். 1991-ல் கமல்ஹாசன் நடித்த 'குணா' படம் வந்த பிறகு, அது குணா குகை ஆயிற்று. படத்தில் பார்த்த இடத்தை நேரில் பார்க்க வந்த கூட்டத்தில், பல இளைஞர்கள் அந்தப் பிளவுகளில் விழுந்து உயிரிழந்தார்கள். பாறையின் மேல் சருகும் ஈரமும். அடியில் வாய் திறந்த குழி. எது தரை, எது வெற்றிடம் என்று கண்ணால் சொல்ல முடியாது. அதனால்தான் பிளவுகளின் பக்கம் யாரையும் விடாமல், இப்போது தூர நின்று பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள்.

2006-ல், கொச்சிக்கு அருகே உள்ள மஞ்ஞும்மல் என்ற ஊரிலிருந்து வந்த நண்பர்களில் ஒருவர் அப்படித்தான் விழுந்தார். அங்கே விழுந்தவர்கள் பிழைத்ததில்லை என்பதே ஊர்ப் பேச்சு. நண்பர்களோ போகவில்லை. மேலே நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். உள்ளேயிருந்து ஒரு முனகல் வந்தது. அவர்களில் ஒருவரே இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கி, நண்பரைத் தூக்கி வந்தார். மத்திய அரசு அவருக்கு ஜீவன் ரட்சா பதக்கம் அளித்தது. 2024-ல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படமாக வந்து, தமிழ்நாட்டிலும் கொட்டகை கொட்டகையாக ஓடிய கதை இதுதான்.

விளையாட்டுப் படகோட்டி தனி ஆள். அவனுக்கு விளக்கும் தூக்கமும்தான் துணை. மனிதனுக்கு அவற்றைவிடப் பெரிய துணை ஒன்று உண்டு: இருட்டில் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் ஒரு குரல். அதை எந்த விளையாட்டும் கடையில் விற்கவில்லை.

மலைக்குப் போகிறவர்கள் இந்த நாலு விஷயங்களை மனத்தில் வையுங்கள். பனி இறங்கும்போது கூட்டத்தை விட்டுப் பிரியாதீர்கள். வழி தவறியது தெரிந்தால், நடப்பதை நிறுத்திவிட்டு இருந்த இடத்திலேயே குரல் கொடுங்கள். நாம் வட்டமடிக்கிற ஜாதி என்பதைத்தான் பார்த்தோமே! ஆறு, ஆறரைக்குள் இருட்டிவிடும் என்பதால் வத்தலக்குண்டுப் பாதையானாலும் பழனிப் பாதையானாலும் வளைவுகளைப் பகலிலேயே கடந்துவிடப் பாருங்கள். அப்படியும் பனியில் சிக்கிக்கொண்டால், காரின் விளக்கைத் தாழ்த்திப் போடுங்கள். படகில் பெரிய விளக்கு நல்லது. பனியில் நிமிர்ந்த விளக்கு ஆபத்து. துளிகளில் பட்டு வெளிச்சம் உங்கள் கண்ணுக்கே திரும்பி வந்து, எதிரே வெள்ளைச் சுவர் எழுப்பிவிடும்.

ஏரியின் பாடம்

கொடைக்கானலின் நடுவே நட்சத்திர வடிவில் கிடக்கும் ஏரி, இயற்கை தந்தது அல்ல. 1863-ல் மதுரைக் கலெக்டராக இருந்த வியர் லெவிஞ்ச், ஓடைக்குக் குறுக்கே கரை கட்டி உண்டாக்கியது. சுமார் 60 ஏக்கர். மீன் குஞ்சுகளை விட்டதும் அவர்தான். முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து கொண்டு வந்ததும் அவர்தான். தூத்துக்குடிக் கடல் எங்கே, 7000 அடி உயர மலை எங்கே! கடல் படகு மலை ஏறியது அப்போதே நடந்துவிட்டது.

அந்த ஏரியில் பொழுது சாய்கிற நேரத்தில் பனி நீரைத் தொட்டுக்கொண்டு வரும். எதிர்க்கரை மறையும். துடுப்புச் சத்தம் மட்டும் கேட்கும். படகில் இருப்பவர்களின் பேச்சு தானாகவே தணிந்துவிடும். அந்த நேரத்தில் மனம் கொஞ்சம் சிலிர்ப்பது இயற்கை. சிலிர்ப்பு வேண்டாம் என்று யார் சொன்னது? அதற்காகத்தானே மலைக்குப் போகிறோம், அதற்காகத்தானே பேய்க் கதை படிக்கிறோம், டிரெட்ஜ் ஆடுகிறோம்! கரைக்குத் திரும்பி வர முடிகிறவரைதான் பயம் ஒரு ருசி.

கடைசியாக, பெற்றோருக்கு ஒரு வார்த்தை. நடுநிசியில் விளக்கை அணைத்துவிட்டு, காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு, கண் சிவக்க உங்கள் பிள்ளை இந்த விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தால் அதட்டாதீர்கள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, "உன் படகுக்காரனுக்குத் தூக்கம் வேண்டாமா?" என்று கேளுங்கள். படகுக்காரனுக்கு இருட்டும் விழிப்பும் என்ன செய்யும் என்று அவனே உங்களுக்கு விவரமாகச் சொல்வான். சொல்லி முடிக்கும்போது அவனுக்கே சிரிப்பு வந்துவிடும். மேலே சிவந்து அலைகிற கண் திரையில் மட்டும் இல்லை என்பது அப்போது புரியும்.

படகைக் கட்டிப் போட்டுவிட்டுப் படுங்கள். மீன் நாளைக்கும் இருக்கும்.